மலைப்பாதைக்கு எது: 2012 டிடியா, 2024 கிரெட்டாவா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு வயது 34. செங்கோட்டையில் வீடு, பிரானூர் பார்டரில் மரக்கடை. வீட்டில் அம்மா, மனைவி, நாலு வயதுப் பாப்பா. அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. இருக்கிற பழைய ஸ்விஃப்டைக் கொடுத்துவிட்டு 18 லட்சத்துக்குள் ஒரு வண்டி எடுக்கப் போகிறேன். திருவல்லாவில் ஒரு துபாய்க்காரர் வீட்டில் 2012 ஆடி டிடி நிற்கிறது. சிவப்பு, 2.0 பெட்ரோல், 41,000 கி.மீ. ஓடியது, 17 லட்சம் கேட்கிறார். தென்காசியில் என் சித்தப்பா மகன் தன்னுடைய 2024 கிரெட்டா 1.5 டர்போ டிசிடியை அதே 17 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறான். அது 22,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலேஜ் நாளிலிருந்தே எனக்கு டிடி மேல் ஆசை. வியாபாரத்துக்காக மாதம் நாலைந்து தடவை புனலூர், கொல்லம் போய் வருவேன். நண்பர்கள் எல்லோரும் கிரெட்டா எடு என்கிறார்கள். மனைவி 'உங்க இஷ்டம்' என்று சொல்லிவிட்டாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் கிரெட்டாதான். ஆனால் 'பழைய வண்டி, செலவு வைக்கும்' என்று ஒரே வரியில் டிடியைத் தள்ளிவிடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அந்த வண்டியின் அருமை தெரிந்தவன் நான். அதைச் சொல்லிவிட்டுத்தான் வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

1995-ல் கண்காட்சிக்காகச் செய்த மாதிரி வண்டி அது. கிட்டத்தட்ட அதே உருவத்தோடு 1998-ல் விற்பனைக்கு வந்தது. மேன் தீவில் நடக்கும் டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தின் பெயரைத்தான் சுருக்கி டிடி என்று வைத்தார்கள். நீங்கள் பார்த்திருப்பது இரண்டாம் தலைமுறை. அதன் பாடியில் 69 சதவீதம் அலுமினியம். எடை கூடிய இரும்பைப் பின்பகுதியில் வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் பாரத்தைச் சமன் செய்தார்கள். 211 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 5.6 விநாடி. 2023 நவம்பரோடு டிடி தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே உங்கள் ஆசை வெறும் காலேஜ் ஆசை இல்லை. நல்ல வேலைப்பாட்டின் மேல் வந்த ஆசை அது.

இதே தலைமுறை வண்டி ஒன்று வேலைக்காக என் ஒர்க்ஷாப்புக்கு வந்திருந்தபோது, வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்ப்பதற்காகத் தென்மலை வரை கொண்டுபோனேன். சாரல் காலம், ரோடு நனைந்து கிடந்தது. புளியரை எஸ் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முழு வண்டியும் ஒரே துண்டாகத் திரும்பியது. பாடி ஒரு பக்கம் சாய்ந்து பிறகு நிமிர்கிற வேலையே இல்லை. ஆரியங்காவு தாண்டி கழுதுருட்டிப் பக்கம் இலையும் சேறும் கிடந்த ஒரு வளைவில் முன்சக்கரம் லேசாக வழுக்கியது. நான் காலை எடுப்பதற்குள் பின்சக்கரத்துக்கு விசை போய் வண்டி நேரானது. எல்லா நேரமும் நாலு சக்கரத்தையும் சமமாக இழுக்கும் ஏற்பாடு இல்லை அது. பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கும், தேவைப்படும்போது ஹால்டெக்ஸ் கிளட்ச் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும். அன்று அது வேலை செய்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இனி அதே ரோட்டைப் பற்றி நீங்களே யோசித்துப் பாருங்கள். புளியரையிலிருந்து கோட்டைவாசல் ஏறும்போது உங்களுக்கு முன்னால் என்ன போகும்? ஜல்லி லாரி, எம்-சாண்ட் லாரி. ஒன்று இல்லை, ஐந்தாறு வரிசையாகப் போகும், வேகம் 20 தாண்டாது. டிடியின் பின்பக்க ஸ்பாய்லர் தானாக மேலே எழும்ப 120 கி.மீ. வேகம் வேண்டும். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் அந்த வேகத்துக்கு இடமே கிடையாது. அதைவிட எனக்குக் கவலை தருவது உட்காரும் உயரம். டிடியில் ஜல்லி லாரிக்குப் பின்னால் நின்றால் உங்கள் கண்ணுக்கு நேராக அதன் பின் ஆக்ஸில்தான் தெரியும். எதிரே வருவது என்ன என்று பார்ப்பதற்கே நடுக்கோட்டுக்கு வெளியே மூக்கை நீட்ட வேண்டும். கிரெட்டாவில் உட்கார்ந்தால் லாரிக்கு ஓரத்தில், வளைவின் உட்பக்கமாக, எதிரே இறங்கி வரும் பஸ்ஸின் கூரையாவது முன்கூட்டியே தெரியும். மலையில் ஓவர்டேக் செய்ய இன்ஜின் பலத்தைவிட இந்தப் பார்வைதான் முக்கியம்.

பலத்தில் கிரெட்டா பின்தங்கவில்லையா என்று கேட்பீர்கள். பின்தங்குகிறதுதான். 160 குதிரைத்திறன், 253 நியூட்டன் மீட்டர், 100-ஐத் தொட 9 விநாடி அளவுக்கு எடுக்கும். ஆனால் அந்த டார்க் முழுதும் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. மலையேற்றத்தில் நாம் இன்ஜினை வைத்திருப்பதே 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில்தான். அதனால் லாரியைத் தாண்டும் அந்த நாலு விநாடியில் உங்களுக்குக் குறை தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் டிடி மேல். உங்கள் நண்பர்கள் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டிலும் இருப்பது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். டிடியின் ஆறு கியர் எஸ் டிரானிக்கில் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் மூழ்கியே இருக்கும், சூட்டை அந்த எண்ணெய் வாங்கிக்கொள்ளும். கிரெட்டாவின் ஏழு கியர் டிசிடியில் இருப்பது உலர் கிளட்ச். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன்மார் வண்டிகள் ஆரியங்காவு வரை நெரிந்து நிற்கும்போது, ஏற்றத்தில் பத்தடி நகர்ந்து பத்தடி நிற்கிற ஓட்டம் உலர் கிளட்சுக்கு ஆகவே ஆகாது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே வண்டியைச் சரிவில் தாங்கிப் பிடிக்கிற பழக்கம் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு உண்டு. அதைச் செய்தால் கிளட்ச் சூடேறி எச்சரிக்கை வரும். பிரேக்கை மிதித்து நில்லுங்கள், முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். சித்தப்பா மகனிடமும் கேளுங்கள், மலையில் எப்படி ஓட்டினான், எச்சரிக்கை எப்போதாவது வந்ததா என்று.

சரி, அம்மாவுக்கு வருவோம். முட்டி வலி உள்ளவர்களுக்கு இருக்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. இருக்கை அவர்கள் தொடை மட்டத்தில் இருந்தால் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்தால் போதும். டிடியில் இருக்கை முழங்காலுக்கும் கீழே. உட்காரும்போது கடைசி ஓர் அடி விழுகிற மாதிரிதான் இருக்கும். எழும்போது உடம்புப் பாரம் முழுதும் முட்டியில் ஏறும். அதுவும் முன்சீட்டில்தான் அவர்களை உட்கார வைக்க முடியும். அப்போது மனைவி எங்கே? பின்னால். இரண்டு கதவு வண்டி என்பதால் முன்சீட்டை மடக்கி, குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, இடுப்பை ஒடித்துத்தான் நுழைய வேண்டும். உள்ளே போன பிறகும் ஐந்தடி உயரம் இருந்தாலே தலை இடிக்கும். பின்பக்கக் கண்ணாடி நேராகத் தலைக்கு மேலேயே சாய்ந்து வருகிறது. நான் ஒரு தடவை அளந்து பார்க்கிறேன் என்று அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, என் பையன் டிக்கியைச் சாத்தப் போனான். நான் தலையைக் குனிந்திருக்காவிட்டால் மண்டையில் பட்டிருக்கும். சித்திரை வெயிலில் அந்தக் கண்ணாடிக்குக் கீழே பாப்பாவை உட்கார வைத்து கொல்லம் வரை போவதை நினைத்துப் பாருங்கள். நாலு வயதுக் குழந்தைக்கு சைல்ட் சீட் வேண்டும். அதை ஒவ்வொரு தடவையும் அந்த இடுக்கு வழியாக உள்ளே கொண்டுபோய் மாட்ட வேண்டும், பாப்பாவையும் அதே வழியில் இறக்கி உட்கார வைத்து பெல்ட் போட வேண்டும். ஒரு வாரம் செய்வீர்கள். அப்புறம் அவசரத்தில் ஒரு நாள் மடியில் வைத்துக்கொண்டு போவீர்கள். எனக்குப் பயம் அந்த ஒரு நாள்தான்.

கிரெட்டாவில் பின்சீட்டில் சைல்ட் சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது, தலைக்கு மேல் இடம் இருக்கிறது, பின்னால் இருப்பவர்களுக்குத் தனி ஏசி காற்று இருக்கிறது. ஆறு ஏர்பேக்கும், வழுக்கினால் நிலைப்படுத்தும் ஏற்பாடும், ஏற்றத்தில் பின்னுக்கு உருளாமல் பிடிக்கும் ஏற்பாடும் 2024 மாடலில் எல்லா வகையிலும் உண்டு. தரையிலிருந்து 190 மி.மீ. உயரம். டயரையும் சொல்ல வேண்டும். டிடியில் வழக்கமாக வருவது 245/40, 18 அங்குலம். டயரின் பக்கச்சுவர் 98 மி.மீ. கிரெட்டாவில் 215/60, 17 அங்குலம், பக்கச்சுவர் 129 மி.மீ. வித்தியாசம் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் லாரிகள் உடைத்துப் போட்ட குழியில் மழைத்தண்ணீர் நிறைந்து கிடக்கும்போது, ரிம் வளைவதும் தப்பிப்பதும் அந்த இரண்டு விரலில்தான் இருக்கிறது. டிடியில் பெரும்பாலும் ஸ்டெப்னியும் கிடையாது. ஓட்டையை அடைக்கும் திரவமும் ஒரு சின்னக் காற்று பம்பும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் பலனில்லை. தென்மலைக் காட்டு ரோட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த நிலைமை வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் திருவல்லாவுக்குப் போய் அதைப் பார்க்காமல் உங்களால் தூங்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வெள்ளம். 2018 ஆகஸ்டில் பம்பையும் மணிமலையாறும் பெருகி திருவல்லா, செங்கன்னூர், குட்டநாடு எல்லாம் மூழ்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த வண்டி அப்போது எங்கே நின்றது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பதில் எதுவானாலும் நீங்களே பாருங்கள். முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழம் நாடாவில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. பெல்ட்டை யாரும் கழற்றிக் கழுவுவதில்லை, அதனால் அது பொய் சொல்லாது. சீட்டுக்கு அடியில் கையை விட்டு தண்டவாளத்தின் போல்ட்டைத் தடவுங்கள், துரு இருந்தால் சுரசுரப்பாகத் தட்டும். டிக்கித் தரைப் பலகையைத் தூக்கி மூலையில் மண் படிந்திருக்கிறதா பாருங்கள். கார்பெட்டை ஓரத்தில் கிளப்பி முகருங்கள். இதில் ஒன்று சந்தேகமானாலும் விலை பேசாமலே திரும்பி வந்துவிடுங்கள். நனைந்த எலெக்ட்ரானிக்ஸ் உள்ள வண்டியை எந்த மெக்கானிக்காலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

அடுத்து இன்ஜின். 2010-க்குப் பிறகு வந்த 211 குதிரைத்திறன் டிடியில் இருப்பது, வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் உள்ள இன்ஜின். அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கும் ஆரம்ப கால டென்ஷனர் பலவீனமானது. பிற்பாடு மாற்றி வடிவமைத்த டென்ஷனர் வந்தது. பழையது கை கொடுக்காமல் போனால் செயின் பல் தாவி, வால்வு பிஸ்டனில் இடித்து, இன்ஜினே போய்விடும். அதனால் முந்தின நாளே போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்று பார்த்துப் பயனில்லை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு விநாடியில், டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு கடகடப்பு வந்தால் செயின் தொய்ந்திருக்கிறது. வராவிட்டாலும் கீழ்க் கவரில் உள்ள சின்ன அடைப்பானைக் கழற்றி, இருப்பது பழைய டென்ஷனரா புதியதா என்று பார்த்துவிட வேண்டும். இந்த வகை இன்ஜின் ஆயில் குடிக்கும் என்பதும் உண்மை. பிஸ்டனில் ஆயில் வளையத்துக்கான துளைகள் சிறியவை, கரி அடைத்துக்கொள்ளும். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். 'ஊற்றவே இல்லை' என்றால் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

41,000 கி.மீ. என்றதும் நீங்கள் மயங்கியிருப்பீர்கள். வருஷத்தில் பதினோரு மாதம் ஷெட்டில் நின்ற வண்டிக்குக் கிலோமீட்டர் ஒரு கணக்கே இல்லை. ரப்பர் காய்ந்திருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும், கியர்பாக்ஸ் எண்ணெயும் ஹால்டெக்ஸ் எண்ணெயும் மாற்றியே இருக்க மாட்டார்கள். 'அதை மாற்ற இன்னும் 60,000 கி.மீ. ஆகவில்லையே' என்பார்கள். டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 3216 என்றால் 2016-ம் வருஷம் 32-வது வாரம் செய்த டயர். தேயாமல் கட்டை எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வயது டயர் ஈர ரோட்டில் பிடிக்காது. பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2012 வண்டியின் ரப்பர் குழாய்களும் சீல்களும் அதற்காகச் செய்தவை இல்லை. 2024 கிரெட்டா அதற்குத் தக்கபடி செய்தது.

பேப்பர் வேலை சுருக்கமாக. கேரள வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அங்கிருந்து என்ஓசி வாங்கி, தென்காசி ஆர்டிஓ ஆபீஸில் ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்த வரி நீங்கள் கொடுக்கும் 17 லட்சத்தின் மேல் இல்லை, வண்டி புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதை வைத்து, வயதுக்கு ஏற்பக் குறைத்துப் போடுவார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஆபீஸில் போய்த் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2027-ல் அந்த டிடிக்கு 15 வருஷம் முடிந்து எஃப்சி எடுத்து ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். கிரெட்டாவுக்கோ அதே 2027 வரை கம்பெனியின் மூன்று வருஷ வாரண்டி ஓடும்.

ரிப்பேர் என்று வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இதே மாதிரி ஒரு வெளிநாட்டு வண்டி, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், ஒரு தண்ணீர் பம்புக்காக என் ஷெட்டில் ஏழு வாரம் நின்றது. ஓனர் தினமும் சாயங்காலம் வந்து கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு வீட்டில் வேறு வண்டி இருந்தது, சமாளித்தார். உங்களுக்கு அந்த ஏழு வாரம் பாப்பாவை ஸ்கூலில் விடவும், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகவும் எது? ஸ்விஃப்டைக் கொடுத்துவிடப் போகிறேன் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.

ஸ்விஃப்டைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, டிடியை 13 லட்சத்துக்குள் பேசி முடித்து, செயின், எண்ணெய், டயர், வரி என்று நாலு லட்சத்தைத் தனியாக எடுத்து வைக்க முடியும் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அந்த வண்டியை நல்லபடியாக வைத்துக்கொள்ள நானே கூட நிற்பேன். அப்படி முடியாது என்றால் இப்போது கிரெட்டாவை எடுங்கள், டிடி ஆசையைப் பாப்பா பெரியவளாகும் வரை தள்ளி வையுங்கள்.

'உங்க இஷ்டம்' என்றார்களே உங்கள் மனைவி, அவர்களை ஒரு நாள் கிரெட்டாவில் டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து புளியரை வரை ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் கொல்லத்தில் இருக்கிற நாளில் அந்த வண்டி அவர்கள் கையில்தான் இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்னால் வண்டியை இங்கே கொண்டு வாருங்கள். கிளட்ச் எப்படி இருக்கிறது, அடியில் எங்காவது இடித்திருக்கிறதா என்று ரேம்பில் ஏற்றிப் பார்த்துவிடுகிறேன். வரும்போது அம்மாவையும் கூட்டி வாருங்கள். அவர்கள் ஏறி இறங்குவதை நான் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் படி ஒன்று போட வேண்டுமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.